எட்டிப்பாரி

செங்கால்குறிச்சியில் நிலத்தை ஏக்கரில் சொன்னால் வெளியூர் ஆள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அங்கே நிலத்துக்கு அளவு, அது வாங்குகிற விதை. ஒரு கோட்டை நெல்லைத் தூவி விதைக்க இடம் இருந்தால் அது ஒரு கோட்டை விதைப்பாடு. இரண்டு மரக்காலில் நிறைந்துவிடுகிற துண்டு இரண்டு மரக்கால் விதைப்பாடு. ஆறு பாதியாக மெலிந்து, டிராக்டர் ஆளில்லாமல் தானே உழப் பழகி, கடையில் பால் பாக்கெட்டை எந்திரம் எடுத்துக் கொடுக்கிற காலம் வந்த பிறகும் இந்தப் பேச்சு மட்டும் மாறவில்லை. மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் சம்பளத்தைக் கேட்டுவிட்டு, அடுத்ததாக எத்தனை கோட்டை என்றுதான் கேட்டார்கள்.

குத்தாலிங்கத்துக்கு ஒரு கோட்டை. வெறுமனே ஒரு கோட்டை என்று அவர் சொல்ல மாட்டார், "முழுசா ஒரு கோட்டை" என்பார், யாரோ அரைக் கோட்டை என்று வம்பு பேசிவிட்ட மாதிரி. அவருடைய வயலுக்குக் கீழே, ஒரே வரப்பு தள்ளி, மனைவி ஆவுடையின் வயல். ஆவுடை அவருக்கு மாமன் மகள். கல்யாணத்தின்போது அவள் பெயருக்கு எழுதப்பட்ட பத்து மரக்கால் விதைப்பாடு அது, அரைக் கோட்டைக்குச் சற்றுக் குறைவு. இருபது வருஷமாக இரண்டையும் அவர்தான் விதைத்தார், அறுத்தார். மேல்வயலில் பாய்ந்த தண்ணீர் வரப்பில் வெட்டியிருக்கும் வாமடை வழியாகக் கீழ்வயலுக்கு இறங்கும். 'நம்ம வயல்' என்று அவர் சொன்னால் இரண்டும் அதில் சேர்த்தி. ஆவுடையும் அதில் சேர்த்திதான்.

அந்த ஏற்பாட்டைக் கெடுத்தது ஒரு நெல்.

அதைக் கொண்டுவந்தவர் ஆராய்ச்சிப் பண்ணை டாக்டர் ஜெசிந்தா. கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டு, ஒரு சின்னப் பையை மேசைமேல் வைத்தார்.

"இந்த நெல்லுக்குப் பக்கத்துல எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு தெரியும். வேர்ல இருந்து ஒண்ணு தண்ணியில கசியும். நம்ம மூக்குக்குத் தெரியாது, அதுக்குத் தெரியும். தண்ணியில அது நிறைய இருந்தா, கூட்டம் அதிகம், இங்க நமக்கு இடமில்லன்னு நினைச்சு ஒத்தைத் தாளோட நின்னுக்கும், சீக்கிரமே பூத்து முடிச்சுக்கும். கொஞ்சமா இருந்தா, இடம் கிடக்குதேன்னு தூர் வெடிச்சுப் பரவும். ஒரு விதைக்கு நாப்பது தாள், அம்பது தாள்."

"அப்பம் ஒரு கோட்டை விதைப்பாட்டுக்கு எவ்வளவு விதை போடணும்?" என்று கேட்டாள் ஆவுடை.

"மூணு படி."

"எங்க வீட்டுக் கோழி ஒரு நேரத்துல திங்கும் அவ்வளவு," என்றார் குத்தாலிங்கம். கூட்டம் சிரித்தது. அவருக்குத் திருப்தியாக இருந்தது.

ஜெசிந்தாவும் சிரித்தார். "ஒரே ஒரு கட்டுப்பாடு. ஒருத்தர் வயல் தண்ணி அடுத்த வயலுக்கு இறங்கக் கூடாது. வாமடைய அடைச்சுட்டு அவங்கவங்க வாய்க்கால்ல இருந்து தனியா பாய்ச்சணும். மேல்வயல் தண்ணி கீழே வந்தா, மேல இருக்கிற கூட்டத்தையும் சேர்த்து எண்ணிக்கும்."

"அப்படின்னா அடுத்த வீட்டை எட்டிப் பாத்துட்டு, அதுக்குத் தக்கன குடும்பம் நடத்துத நெல்லுன்னு சொல்லும்," என்றார் சங்கத்துச் செயலாளர் பலவேசம். அன்றைக்கே அந்த நெல்லுக்கு எட்டிப்பாரி என்று பெயர் விழுந்துவிட்டது. பண்ணைக்காரர்கள் அதற்கு வைத்திருந்த எண்ணும் எழுத்தும் யாருக்கும் நினைவில் நிற்கவில்லை.

பின்வரிசையில் கானாப்பட்டிக்காரர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். கானாப்பட்டி கால்வாயின் கடைமடை. ஆறு மெலிந்ததிலிருந்து அங்கே தண்ணீர் போய்ச் சேரவில்லை, வயலெல்லாம் முள் அடர்ந்த உடைமரம். பயிர் குறைவாக நின்று, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மேலூர்களில் தண்ணீர் மிஞ்சும், மிஞ்சுவது கானாப்பட்டிக்குப் போகும் என்றார் ஜெசிந்தா. ஆனால் பாசனக் குழு வாய்ப்பேச்சை நம்பாது. ஒரே வயலில் தொடர்ந்து இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், விளைத்துக் காட்டினால்தான் கடைமடைக்கு மடை திறக்கும். யாராவது வயல் தர வேண்டும்.

ஆண்கள் கூரையைப் பார்த்தார்கள். ஆவுடை கானாப்பட்டிக்காரர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "என் வயல்ல போடுதேன்," என்றாள்.

என் வயல். குத்தாலிங்கத்துக்கு நெல் காதில் விழவில்லை, கானாப்பட்டி காதில் விழவில்லை, அந்த ஒரு சொல் மட்டும் விழுந்தது.

விதைக்க வந்தது ஒரு சின்ன எந்திரம். நீளக் காலால் சேற்றில் நடந்து, முழத்துக்கு ஒரு தரம் குனிந்து ஒரு விதையைக் குத்தி வைக்கும். கொக்கு என்று பெயர் வைத்தார்கள். கொக்கு நடந்து முடித்த பிறகு வயல் வெறிச்சென்று கிடந்தது. வழியில் போகிறவர்கள் நின்று பார்த்து, "என்ன அண்ணாச்சி, மொட்டை போட்டாச்சா," என்று கேட்டார்கள். அந்த நாட்களில் குத்தாலிங்கம் மனைவியிடம் ரொம்பப் பிரியமாக இருந்தார். மனது உடைந்துவிடாதே என்று ஆறுதல்கூடச் சொன்னார்.

பிறகு அந்த ஒற்றைப் பயிர்கள் வெடித்தன. ஒன்று நாலாகி, நாலு பத்தாகி, வரப்பில் நின்று பார்த்தால் மண்ணே தெரியாத அளவுக்கு அடைத்துக்கொண்டன. அறுப்பில் ஆவுடையின் பத்து மரக்கால் விதைப்பாடு, குத்தாலிங்கத்தின் முழுசான ஒரு கோட்டையைவிடக் கூடுதலாகக் கண்டது. பக்கத்து ஊர்களிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்து பார்த்தார்கள். ஆவுடை வரப்பில் நின்று விளக்கம் சொன்னாள். இருபது வருஷமாக நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் என்று அவர் நினைத்திருந்த பெண், படம் பிடிக்கிறவர்களைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பயிரு மிதிபடும்," என்று அதட்டினாள்.

குத்தாலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க அவர் தயாராக இல்லை. வாய்வு என்று முடிவு செய்து சுக்கு வெந்நீர் குடித்தார். குறையவில்லை. ஒரு நாள் டவுன் உரக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது, கடைக்காரர் இன்னொருவரிடம் அவரைக் காட்டி, "இவிய யாருன்னு தெரியுதா? ஆவுடை வீட்டுக்காரரு," என்றார். அந்த ஆள் எழுந்து நின்று கும்பிட்டார். உரத்தை வாங்காமலே குத்தாலிங்கம் பஸ் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் அதே பெயர்தான். டீக்கடையில் ஆவுடை வீட்டுக்காரர், கல்யாண வீட்டில் ஆவுடை வீட்டுக்காரர். குத்தாலிங்கம் என்று ஒருவர் இருந்தது ஊருக்கு மறந்தே போனது போல இருந்தது. பாராட்டுகிறவர்கள் ஒவ்வொருவரும் தன்னிடமிருந்து எதையோ பிடுங்கி அவளிடம் கொடுப்பதாக அவருக்குத் தோன்றியது. வீட்டில் ஆவுடை எப்போதும் போலத்தான் இருந்தாள். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கொஞ்சம் தலைக்கனம் காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அடுத்த பிசானப் பருவத்துக்கு ஊரில் பாதிப் பேர் எட்டிப்பாரிக்கு மாறினார்கள். குத்தாலிங்கமும் வாங்கினார். அத்தோடு விட்டிருந்தால் கதையே இல்லை. விதைப்புக்கு முந்தின நாள் பலவேசம் எதிரே வந்து, "என்ன வே, இனி உமக்கு மூணு படி விதைப்பாடுதானே," என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். குத்தாலிங்கம் வீட்டுக்கு வந்து, இருந்த விதை போதாது என்று ஊரெல்லாம் சுற்றி, எட்டிப்பாரி விதை வைத்திருந்தவர்களிடம் கெஞ்சி வாங்கி, முழுசாக ஒரு கோட்டை சேர்த்தார்.

ஆவுடை பதறிப்போனாள். "அத்தான், இது அந்த நெல்லு இல்ல. நெருக்கிப் போட்டா நின்ன இடத்துலயே நின்னுரும்."

"என் வயலு ஒரு கோட்டை குடிக்கும். எங்க தாத்தா காலத்துல இருந்து குடிக்கு."

"வயலு எங்கயும் போகாது. விதை கொறஞ்சா வயலா கொறஞ்சிரும்?"

"கொறையும்," என்றார் குத்தாலிங்கம். அதை அவர் உண்மையாகவே நம்பினார். செங்கால்குறிச்சியில் பிறந்த ஒருவருக்குத்தான் அந்த நம்பிக்கை வரும். மூன்று படி விதைத்தால் தன் நிலம் மூன்று படி நிலமாகிவிடும், பிறகு ஆவுடையின் வயல் எவ்வளவு, தன்னுடையது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. கொக்கை வரப்பிலேயே நிறுத்திவிட்டு, ஒரு கோட்டை விதையையும் கையாலேயே தூவினார்.

இரண்டு வாரம் அவருடைய வயல் கிளிப்பச்சையாக அடர்ந்து நின்றது. கீழே ஆவுடையின் வயல் மறுபடியும் மொட்டை. குத்தாலிங்கம் காலையும் மாலையும் வரப்பில் நடந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் மேல்வயல் அப்படியே நின்றுவிட்டது. ஒரு பயிர்கூடத் தூர் கட்டவில்லை. கீழ்வயலில் ஒவ்வொரு விதையும் கிளைக்க ஆரம்பித்தது. அவர் குனிந்து எண்ணிப் பார்த்தார். பத்துத் தாள். அவர் கண்ணெதிரே, அவர் வரப்புக்குக் கீழே, இன்னும் ஏறப்போகிறது.

அந்த வாரம் ஊரில் அம்மன் கோயில் கொடை விழா. உச்சிக்கொடைக்கு மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. வயல்வெளியில் ஒரு ஆள் இல்லை. ஆவுடை கானாப்பட்டிக்குப் போயிருந்தாள், அங்கே உடைமரம் வெட்டிச் சீராக்கிய வயலைப் பார்க்க. வருஷக்கணக்காக வெட்டாத மரத்தை அவள் வாக்கை நம்பி வெட்டியிருந்தார்கள். குத்தாலிங்கம் மண்வெட்டியோடு போனார். தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கத்தான் போகிறோம் என்று போகிற வழியில் தனக்கே சொல்லிக்கொண்டார். வாமடையை அடைத்திருந்த களிமண்ணை நாலே வெட்டில் எடுத்தார். மேல்வயல் தண்ணீர் சலசலவென்று கீழே இறங்கியது.

ஒரு கோட்டைப் பயிரின் நெருக்கடி முழுவதும் அந்தத் தண்ணீரில் இருந்தது. அது அவருக்குத் தெரியும். ஜெசிந்தா சொன்னதை மற்றவர்களைவிடக் கவனமாகக் கேட்டவர் அவர்தான். வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பல மாதங்களுக்குப் பிறகு வயிறு குளிர்ந்தது. பொழுது சாய்வதற்குள் மடையை அடைத்து, மேலே புல்லோடு பெயர்த்த மண்கட்டியைப் புல்கரணையாக வைத்து, காலால் மிதித்து விட்டார். கொடை நடந்த மூன்று நாளும் மத்தியானம் போய் அதையே செய்தார்.

ஆவுடையின் பயிர் பத்துத் தாளோடு நின்றுவிட்டது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. உரம் குறைவோ என்று பார்த்தாள், வேரைப் பிடுங்கிப் பார்த்தாள். மற்றவர்கள் வயலெல்லாம் இருபது முப்பது என்று பொங்கிக்கொண்டிருக்க, அவளுடையது மட்டும் அதற்குள் கதிருக்குப் பொதி கட்டத் தொடங்கியது. ஒரு நாள் காலையில் வரப்பில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். கானாப்பட்டிக்காரர்களிடம் என்ன சொல்வேன் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். குத்தாலிங்கத்துக்கு அந்த அழுகை நன்றாக இருந்தது. அதற்கு அடுத்த நிமிஷம் கஷ்டமாகவும் இருந்தது. ஆனால் நன்றாக இருந்ததுதான் முதலில்.

எழுந்து வரப்பைத் தடவிக்கொண்டே போனவள், வாமடைக்கு இரண்டு முழம் தள்ளி ஒரு நண்டு வளையைக் கண்டுபிடித்தாள். மேல்வயலிலிருந்து கீழ்வயலுக்கு நேராகத் துளைத்திருந்தது.

"இதான். இது வழியாத்தான் மேத்தண்ணி எறங்கியிருக்கு. பாவி நண்டு. தப்பு எம்மேலதான் அத்தான், வரப்ப நான் சரியாப் பாக்கல."

"நண்டு என்ன பண்ணும், அது பொழப்ப அது பாக்கும்," என்றார் குத்தாலிங்கம். அவள் வளைக்குள் கையை விட்டு அடைக்க, அவர் பக்கத்தில் நின்று ஈரக்களிமண்ணை உருட்டி உருட்டிக் கொடுத்தார்.

அன்று மாலையே அவள் கானாப்பட்டிக்கு நடந்துபோய், என் கவனக்குறைவு, இந்தப் பூ போய்விட்டது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள்.

பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. கார்த்திகையில் நிரம்பி வழிந்த அணை, தை பிறந்ததும் மளமளவென்று இறங்கியது. மலையில் மழை நின்றுபோனது. ஒரு நாள் கால்வாய்க்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஊரிலுள்ள எட்டிப்பாரியெல்லாம் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. நாற்பது தாள் விட்ட பயிருக்கு நாற்பது தாளுக்கும் தண்ணீர் வேண்டும். கிடைக்கவில்லை. பழைய நெல் போட்டவர்கள் வயலும் சேர்ந்து, வயல் வயலாகப் பதர். குத்தாலிங்கத்தின் ஒரு கோட்டை அதற்கு முன்பே குலைநோய் விழுந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து அழுகிவிட்டது.

ஆவுடையின் வயல் மூன்று வாரம் முன்னதாகப் பூத்த வயல். தண்ணீர் நின்றபோது மணி முற்றியிருந்தது. பாதி விளைச்சல்தான். ஆனால் அந்தக் கால்வாய் முழுக்க நெல் என்று அறுத்தது அந்தப் பத்து மரக்கால் மட்டுமே.

ஜெசிந்தா ஓடிவந்தார். வரப்பில் நடந்தார், அடைத்த நண்டு வளையைத் தோண்டிப் பார்த்தார், மண்ணை எடுத்துப்போய்ச் சோதித்தார். "நாங்க இதை யோசிக்கவே இல்ல. தூர் வெடிக்கவிட்டு, சரியான நேரத்துல கூட்டம்னு ஒரு பொய்ய தண்ணியில அனுப்பினா பயிர் பரவுறத நிறுத்திட்டு முடிக்கப் பாக்குது. தண்ணி குறையப்போற வருஷத்துக்கு இதுதான் வழி. கானாப்பட்டிக்கு இது போதும். அரைத் தண்ணியில ஒரு பூ எடுத்துரலாம்."

பாசனக் குழுவும் ஒத்துக்கொண்டது. சங்கத்து முற்றத்தில் பந்தல் போட்டு விழா எடுத்தார்கள். கானாப்பட்டியிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அடுத்த பிசானத்துக்குக் கடைமடைக்குத் தண்ணீர் என்று அறிவித்தபோது ஒரு கிழவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஆவுடையை மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். கானாப்பட்டியில் விதைப்பை நடத்திக்கொடுக்கும் பொறுப்பும் அவளுக்கே.

குத்தாலிங்கம் இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். பொறுக்க முடியாதது அதற்குப் பிறகு வந்தது. மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த துணியில், இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு, ஆள் உயரத்துக்கு ஒரு நண்டுப் படம். பலவேசம் மைக்கைப் பிடித்தார்.

"இந்த முறைக்கு என்ன பேரு வைக்கலாம்னு டாக்டரம்மா கேட்டாவ. கண்டுபிடிச்சவன் பேரத்தானே வைக்கணும்? நண்டு மடைன்னு வச்சாச்சு. மாலை ஒண்ணு அவருக்கும் வாங்கியிருக்கோம், ஆளத்தான் காணும்."

பந்தலே சிரித்தது. ஆவுடையும் சிரித்தாள். ஜெசிந்தா கைதட்டினார். பலவேசம் நிஜமாகவே அந்தப் படத்துக்கு மாலை போட்டார்.

மனைவியிடம் தோற்பது ஒரு மாதிரி, நண்டிடம் தோற்பது வேறு மாதிரி. அது தன் கையால் நடந்த வேலை. தன் மண்வெட்டி, தன் தண்ணீர், தன் ஒரு கோட்டைப் பயிர். அது இல்லாவிட்டால் கானாப்பட்டிக்குத் தண்ணீர் ஏது, இந்தப் பந்தல் ஏது. மாலை போய் நண்டுக்கு விழுகிறது. குத்தாலிங்கம் எழுந்து நின்றார். எழுந்து நின்றது அவருக்கே தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும்.

"நண்டு இல்ல. நான்."

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் பிடித்தது.

"அந்த வளையில தண்ணி எறங்கல. வாமடையத் தெறந்துவிட்டது நான். கொடை நடந்த மூணு நாளும், மத்தியானம் தெறந்து, பொழுது சாய அடைச்சேன். வேணும்னா மண்ணத் தோண்டிப் பாருங்க, புல்கரணை வச்சு மூடியிருப்பேன்."

ஜெசிந்தா மேடையிலிருந்து இறங்கியே வந்துவிட்டார். "மூணு நாளா? அப்போ பயிர்ல எத்தனை தாள் இருந்துச்சு?"

"பத்து. எண்ணித்தான் தெறந்தேன்."

"எண்ணித் திறந்தீங்களா?" ஜெசிந்தாவின் கண் விரிந்தது. "இதைத்தான் நாங்க கண்டுபிடிக்க முடியாம இருந்தோம். பத்துல திறக்கணும், மூணு நாள் போதும். எப்படிங்க தோணுச்சு உங்களுக்கு?"

பந்தல் முழுவதும் அவரைப் பார்த்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு எல்லாரும் அவரை மட்டும் பார்த்தார்கள்.

"தண்ணி கொறையும்னு ஒரு கணக்கு," என்றார் குத்தாலிங்கம்.

கைதட்டல் எழுந்தது. கானாப்பட்டிக்காரர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். பலவேசம் நண்டின் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றிக் கொண்டுவந்து அவருக்குப் போட்டார். குத்தாலிங்கம் மடை என்றே வைத்துவிடுவோம் என்று மைக்கில் சொன்னார். மாலைக்கு மேலாக முகத்தை நீட்டி அவர் மேடையைப் பார்த்தபோது, ஆவுடை மட்டும் கை தட்டாமல் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

வீட்டுக்கு வந்து, அவர் மாலையை ஆணியில் மாட்டினார்.

"நீங்க தெறந்த அன்னைக்கு அணை வழிஞ்சு ஓடிட்டு இருந்துச்சு," என்றாள் ஆவுடை.

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"தண்ணி கொறையும்னு அன்னைக்கு யாருக்கும் தெரியாது. டாக்டரம்மாவுக்கே தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

"நல்லதாத்தானே முடிஞ்சுது? கானாப்பட்டிக்குத் தண்ணி வந்தாச்சு. உனக்கு என்ன கொறை இப்பம்?"

"நல்லதுக்குத் தெறக்கலியே நீங்க."

அவர் சட்டையைக் கழற்றி மாலைக்குப் பக்கத்தில் மாட்டினார். "புத்தி கெட்டுப்போச்சு ஆவுடை. எங்க போனாலும் உன் பேரு. எனக்குன்னு ஒண்ணும் இல்லாம ஆயிட்டு. அதான்."

"அது கூடப் பரவால்ல அத்தான். வயித்தெரிச்சல்ல மனுசன் என்னமும் செய்வான். வரப்புல உக்காந்து நான் அழுதப்ப சொல்லியிருக்கலாம். நண்டு வளைய அடைக்கும்போது மண்ணு உருட்டிக் குடுத்தியளே. எங்கையில குடுத்தியளே." அவள் குரல் உயரவே இல்லை. "நான் பாட்டுக்கு, எவ்வளவு ஒத்தாசையா நிக்காவன்னு நெனச்சேன்."

மறுவாரம் ஆவுடை கானாப்பட்டிக்குக் கிளம்பினாள். விதைப்பு வேலைக்கு அங்கேயே தங்க வேண்டியிருக்கும் என்று ஊரில் சொன்னாள். போகுமுன் கொத்தனாரைக் கூட்டிவந்து, வரப்பில் இருந்த வாமடையை சிமென்ட் வைத்து அடைத்துவிட்டுப் போனாள். விதைப்பு முடிந்தது, அவள் திரும்பவில்லை. கீழ்வயலைக் கானாப்பட்டி ஆள் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டதாகச் செய்தி மட்டும் வந்தது.

செங்கால்குறிச்சியில் இப்போது குத்தாலிங்கத்தை எல்லாரும் குத்தாலிங்கம் என்றே கூப்பிட்டார்கள். கால்வாய்க் கரையில் அவர் பெயர் எழுதிய பலகை நின்றது. உரக்கடைக்காரர் அவரைக் கண்டால், "மடை கண்டுபிடிச்ச அண்ணாச்சி," என்று நாற்காலி போட்டார். வேறு பெயர் சொல்லி அவரை அழைக்க ஊரில் யாருக்கும் வேலை இல்லை. முதல் ஒரு மாதம் அது இனித்தது. பிறகு டீக்கடையில் யாராவது தவறிப்போய் ஆவுடை வீட்டுக்காரர் என்று சொல்லிவிட மாட்டார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். யாரும் சொல்லவில்லை.

அறுப்புக்குச் சற்று முன்னால் ஒரு நாள் காலையில் பஸ் ஏறிக் கானாப்பட்டியில் இறங்கினார். உடைமரக் காடாக இருந்த இடம் கண்ணுக்கு எட்டிய மட்டும் கதிர். முழத்துக்கு ஒரு தூர், ஒவ்வொன்றும் பத்துத் தாளோடு, ஒன்றையொன்று இடிக்காமல் நின்றது. தூரத்தில் ஆவுடை நாலைந்து பெண்களோடு வரப்பில் நடந்துகொண்டிருந்தாள். அவர் நின்ற பக்கம் அவள் திரும்பவில்லை.

வாய்க்காலில் மண் தள்ளிக்கொண்டிருந்த, அந்தப் பந்தலில் பார்த்திராத ஒருவன் நிமிர்ந்து, "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டான்.

"நான் குத்தாலிங்கம்."

"மடைக்காரர் பேரும் அதான். நீரு எந்தக் குத்தாலிங்கம்?"

அந்த மடைக்காரன் நான்தான் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அதைச் சொன்னால் இவன் கும்பிடுவான், நாலு பேரைக் கூப்பிடுவான், இளநீர் வெட்டுவான். குத்தாலிங்கம் இருபது வருஷத்தில் தன் வாயால் ஒருமுறைகூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"ஆவுடை வீட்டுக்காரன்."

அவன் அவரை மேலும் கீழும் பார்த்தான். பிறகு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தான்.

"ஒரு வருசமா எங்க கூடத்தான் இருக்காவ. அப்படி ஒரு ஆளு உண்டுன்னு அவிய சொன்னதே இல்லியே," என்றான்.

சொல்லிவிட்டு அவன் குனிந்து மண்ணைத் தள்ளினான். வாய்க்கால் தண்ணீர் அவர் காலுக்குப் பக்கத்தில் திரும்பி, வயலுக்குள் போயிற்று.